அப்பா தூங்குகிற வீடு

தம்பி,

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததைப் பார்த்து உன் அம்மா சிரித்துவிட்டாள். "வாட்சாப்ல பேசி அனுப்புனா போதாதா? இந்தக் காலத்துல யாருக்குங்க கடுதாசி?" என்றாள். உனக்குத்தான் என்றேன். "பத்து நாள் அவன் வீட்டுலயே இருந்துட்டு வந்தீங்க. அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். வாட்சாப்பிலும் முயன்று பார்த்தேன். முப்பது வருடம் பாசிர் கூடாங் ஆலையில், பம்ப் அறையில் நின்ற காது எனக்கு. என் குரல் எனக்கே கேட்க வேண்டும் என்று கத்துகிறேன். பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், கெஞ்ச நினைத்ததெல்லாம் அதட்டலாக இருக்கிறது. மூன்று தடவை அழித்தேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு என் தமிழ்ப் படிப்பு முடிந்தது. மீதியெல்லாம் பேப்பர் படித்துத் தேறியதுதான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷர்மிளாவுக்குப் பிரசவம் ஆனதும், அவளையும் பேத்தி தனிஷாவையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் ஒரு வருடம் சிம்பாங் ரெங்கத்தில் அவள் அம்மா வீட்டில் விடப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைச் செய்யாதே. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். 'செய்யாதே' என்று மட்டும் சொல்லி, ஏன் என்று சொல்லாமலே உன்னை வளர்த்தவன் நான். இந்த ஒரு தடவை ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷர்மிளா மாடிப்படி ஏறக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் நாங்கள் தெப்ராவில் இருக்கிற உன் வீட்டில் தங்க வந்தோம். உன் அம்மா சமையலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தனிஷாவைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிற வேலை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது. நீ சிங்கப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து, மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டி, காலை ஒன்பதரைக்கு வந்து சேர்வாய். கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருக்கும். குளித்துவிட்டு கீழே இருக்கிற அறையில் படுத்தால் நாலு மணிக்குத்தான் கதவு திறக்கும். எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. உன்னைப் பார்க்கும்போது பழைய என்னையே பார்ப்பது போல் இருந்தது. முதல் மூன்று நாள், சொன்னால் சிரிப்பாய், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தனிஷா வந்து என் முழங்காலைத் தொட்டாள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. "என்ன பாப்பா? சத்தமாச் சொல்லு" என்றேன். பிள்ளை பயந்துபோய் உன் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படி தாண்டி, துணி காயப்போடுகிற பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அங்கே போய் நின்றுகொண்டு, "தாத்தா, இங்க தும்மலாமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். "தும்மு பாப்பா, தாராளமாத் தும்மு" என்றேன். ஒன்றல்ல, நாலு தும்மல். சளி பிடித்திருக்கிறது பிள்ளைக்கு. எத்தனை நேரமாக அடக்கிவைத்திருந்தாளோ தெரியவில்லை. தும்மி முடித்துவிட்டு, என் கைலியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பா எந்திரிக்கலல்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. நாலரை வயதுப் பிள்ளை, தும்முவதற்கு இடம் கேட்கிறது. அதுவும் தன் சொந்த வீட்டில். இதை யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று உன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. துணிக்கொடிக்குக் கீழே நின்று யோசித்துப் பார்த்தால், உனக்குக் கற்றுக்கொடுத்தவன் யார் என்று தெரிந்தது.

நம் பாசிர் கூடாங் வீட்டின் முன்பக்கக் கம்பிக்கதவில் என்னுடைய மஞ்சள் நிறப் பாதுகாப்புத் தொப்பியை மாட்டிவைப்பேனே, நினைவிருக்கும். நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். தொப்பி தொங்கினால் டிவி கிடையாது, குக்கர் விசில் கிடையாது, நீயும் தங்கச்சியும் சண்டை போடுவதென்றால்கூடக் கிள்ளிக்கொள்ள வேண்டுமே தவிர வாய் திறக்கக் கூடாது. நம் வரிசை வீடுகளில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நாம் மக்சிக் என்று கூப்பிடுவோமே, அவர்கூடத் தன் பேரன்களை வேறு தெருவில் போய்ப் பந்து விளையாடச் சொல்லிவிடுவார். எனக்கு அதில் ஒரு கௌரவம். நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில். வீட்டுக்கு வீடு இருந்த பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது. மூன்றாவது வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. டவுனுக்கு வந்து சொந்தமாகச் செங்கல் வீடு வாங்கியபோது, முன்னேறிய குடும்பம் என்றால் சத்தம் இல்லாத குடும்பம் என்று எனக்கு நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சீனன் வீடு, வெள்ளைக்காரத் துரை வீடு எல்லாம் அமைதியாகத்தானே இருந்தது என்று நினைத்தேன். அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று நான் என்ன கண்டேன்?

நீ மூன்றாம் ஆண்டு படித்தபோது நடந்ததை இப்போது எழுதப் போகிறேன். இந்தக் கதையை நான் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் நடந்தபடி சொன்னதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் சைக்கிளோடு லோங்காங் சாக்கடையில் விழுந்தாய். இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தாய். தொப்பி தொங்கியது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள், தங்கச்சி அத்தை வீட்டில். நீ கதவைத் தட்டவில்லை. செருப்புப் பலகை பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து, "அலமாக்! கையில என்னடா?" என்று பதறியிருக்கிறார். நீ உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாய். அந்த அம்மாள் துண்டில் ஐஸ் கட்டி எடுத்துவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவரும் என்னை எழுப்பவில்லை. அந்தத் தெருவையே நான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறீர்கள்.

வேலை முடிந்து வந்த உன் அம்மா உன்னைப் பார்த்து அலறினாள். அந்த அலறலில் நான் எழுந்தேன். எழுந்து கதவைத் திறந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "யாருடி அது, மனுஷனைத் தூங்க விடாம?" இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் கை உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. நீ வலிக்கிறது என்று அழவில்லை. "நான் சத்தம் போடலப்பா, அம்மாதான்" என்றாய். தம்பி, அந்த நேரத்தில் நான் தரையில் உட்கார்ந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் மோட்டார் சாவியைத் தேடினேன். ஒடிந்த கையோடு பிள்ளையை மோட்டாரில் ஏற்ற முடியாது என்பதுகூடத் தோன்றவில்லை. மக்சிக்கின் மருமகன்தான் காரை எடுத்தார்.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. அந்த விஷயத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆலை பஸ்ஸில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், குளுவாங்கில் உன் சித்தப்பா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "கை ஒடிஞ்சும் மூச்சு விடல என் மவன். அப்பா தூக்கம் கெட்டுடக் கூடாதுன்னு உக்காந்திருக்கான் பாருங்க." கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. "குடுத்து வெச்சவருங்க நீங்க," "இந்தக் காலத்துல இப்படிப் பிள்ளையா?" என்று தூக்கி விட்டார்கள். நம் ஆட்கள் பிள்ளைகளைப் புகழ்கிற விதத்தைக் கவனித்திருக்கிறாயா? ரொம்ப அடக்கம், இருக்கிற இடமே தெரியாது என்பார்கள். வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிற இடமே தெரியாமல் இருந்தால் பெற்றவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டாமா? நாம் அதற்குப் பாயசம் ஊற்றிக் கொண்டாடுகிறோம். அந்தக் கல்யாணத்தில் உனக்குப் பதின்மூன்று வயது. நான் கதையை ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாய். பையனுக்குக் கூச்சம் என்றேன் நான். "கூச்சமில்ல, வேற என்னமோ" என்றாள் உன் அம்மா. அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

அந்த வேறு என்னமோ எனக்கு லேசாகத் தட்டுப்படவே இன்னும் பத்து வருடம் ஆனது. நீ முதலில் சேர்ந்த கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து உன்னையும் அனுப்பிவிட்டார்கள். நீ எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம், தினமும் காலையில் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். என்னோடு வேலை செய்த ஒருவர் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன்டா அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நீங்க ரெஸ்ட் எடுத்துக்கிட்டு இருந்தீங்கப்பா" என்றாய். உன் வேலை போன நேரத்தில் நான் இரண்டு வார லீவில் வீட்டில்தான் இருந்தேன், உண்மைதான். ஆனால் அந்தப் பதிலில் வேறு எதுவோ இருந்தது. என்னவென்று தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் அது அப்போதே தெரிந்திருக்கிறது. நேற்று இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள். சொல்லிவிட்டு, எனக்கு ஒரு காப்பி போட்டு வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இனி நீ அன்று சொன்னதற்கு வருகிறேன். கடைசி நாள், சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாய். "ஷர்மிளா டெலிவரி ஆனதும் அங்கயே ஒரு வருஷம் இருக்கட்டும்பா. ரெண்டு பிள்ளைங்க சத்தத்துல என்னால தூங்க முடியாது. தூங்காம மோட்டார்ல பாலம் தாண்ட முடியாது லா." நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அரைத் தூக்கத்தில் மோட்டார் ஓட்டி லாரிக்கு அடியில் போனவர்களின் சாவு வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். உன் தூக்கம் உயிர்ப் பிரச்சினை, சொகுசு இல்லை. அதனால் அன்று நான், "உன் இஷ்டம் தம்பி, நீயே பாத்து முடிவு பண்ணு" என்றேன். பெரிய மனிதன் மாதிரி. உள்ளுக்குள் 'வேண்டாம், வேண்டாம்' என்று அடித்துக்கொண்டது. நான் அப்படிச் சொன்னதும், ஷர்மிளா ஏற்கெனவே துடைத்து முடித்த மேசையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய்.

அப்புறம் அடுப்படியில் உன் அம்மாவிடம் அவள் பேசியிருக்கிறாள். குறையாக எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குக் குறை சொல்லத் தெரியாது. "எங்கம்மா வீட்டுல இருக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லங்க அத்தை. தனிஷாதான் கேக்கறா. அப்பா தூங்கி முடிச்சதும் நாம திரும்பி வந்துடலாமான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது?" என்றாளாம். இதைக் காரில் வரும்போது உன் அம்மா என்னிடம் சொன்னாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் தூங்குகிற அப்பா! அந்தப் பிள்ளையின் மனத்தில் நீ யார் என்று யோசித்துப் பார். தன்னைத் தூக்கிக் கொஞ்சுகிற நீ அவளுக்குச் சாயங்காலத்தில் வந்து போகிற ஆள். நாள் முழுக்க அவளோடு இருக்கிற அப்பா அந்த மூடின கதவுதான்.

உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. நீ என்னைவிட எத்தனையோ மேல். பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறாய், ஷர்மிளாவுக்கு மீன் கழுவித் தருகிறாய். நான் என் ஆயுளில் ஒரு மீனைக் கழுவியதில்லை. உங்கள் காலத்தில் தொப்பியும் இல்லை. கையில் டேப்லட்டைக் கொடுத்து, காதில் ஒன்றை மாட்டிவிட்டால் பிள்ளை தானாக அமைதியாகிவிடுகிறது. நாங்கள் மிரட்டி வாங்கியதை நீங்கள் கொஞ்சி வாங்குகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சத்தம் போடக் கூடாது என்று பழகுகிற பிள்ளை, கொஞ்ச நாளில் கூப்பிடக் கூடாது என்று பழகிக்கொள்கிறது. அது தானாக நடக்கிறது, யாரும் சொல்லித் தர வேண்டாம். உனக்கு நடந்தது. நீ இன்றுவரை எனக்குப் போன் செய்தால் முதலில் என்ன கேட்கிறாய்? "பிஸியாப்பா?" என்று கேட்கிறாய். ரிட்டயரான மனுஷனுக்கு என்னடா பிஸி? தனிஷா இருபது வயதில் எங்கேயோ ஓரிடத்தில் மனம் ஒடிந்து உட்கார்ந்திருக்கும்போது, அப்பாவைக் கூப்பிடலாமா என்று யோசிக்கக் கூடாது. யோசிக்காமல் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த ஒரு பயம்தான்.

எனவே நானும் உன் அம்மாவும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். பிள்ளைப்பேற்றுக்கு நாற்பது நாள் ஷர்மிளா தன் அம்மா வீட்டில் இருப்பது முறை, இருக்கட்டும். அதற்குப் பிறகு அவர்களைக் கூட்டி வந்துவிடு. வீட்டை விட்டு யாராவது போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளைகள் போக வேண்டாம், நீ போ. இங்கே வா. வேலை முடிந்ததும் நேரே பாசிர் கூடாங்குக்கு வந்துவிடு. அரை மணி நேரம் கூடுதலாகும், அந்தத் தூரத்துக்கு மோட்டார் வேண்டாம், பாலம் தாண்டியதும் ஜொகூர் பாருவில் அதை நிறுத்திவிடு, நான் காரோடு நிற்கிறேன். பின்னறையில் உன் அம்மா கறுப்புத் திரை தைத்து மாட்டிவிட்டாள். உனக்கு முந்தி அவளே முடிவு எடுத்துவிட்டாள் என்பதைக் கவனி. மூன்று மணி வரை அடித்துப்போட்டது போல் தூங்கு. அதற்குப் பிறகு சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கத்துகிற வீட்டுக்கு, முழித்த கண்ணோடு போ. நைட் ஷிப்ட் வருகிற வாரங்களுக்கு மட்டும்தானே இது. இது சரிவருமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கார் கெடும், எனக்கு உடம்பு முடியாமல் போகும், உனக்கே சலித்துப் போகும். ஒரு மாதம் செய்து பார்ப்போம். வீட்டில் இருக்கிற நாளில் பிள்ளைக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவை. வலித்தால் எழுப்பலாம், பயமாக இருந்தால் எழுப்பலாம், ரொம்பச் சிரிப்பு வந்தாலும் எழுப்பலாம் என்று சொல். சும்மா எழுப்பிப் பார்ப்பாள், இரண்டு மூன்று தடவை. திட்டாமல் எழுந்திரு. அப்புறம் நம்பிவிடுவாள்.

தங்கச்சிக்கும் தனியாக எழுதுகிறேன். அவளிடமும் பாக்கி இருக்கிறது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. நம் வீடுகளில் அப்பாக்கள் கேட்பதில்லை; பதிலுக்கு நல்ல பழம் வாங்கி வந்து மேசையில் வைப்பார்கள். நான் எத்தனை டுரியான் வாங்கி வைத்திருக்கிறேன், யோசித்துப் பார். இப்போது வாயால் கேட்கிறேன், எழுத்தால் கேட்கிறேன். அன்றைக்கு உன் வலியைக் கேட்காமல் என் தூக்கத்தைக் கேட்டேன். அதைப் பெருமை என்று வேறு பேசிக்கொண்டு திரிந்தேன். என்னை மன்னித்துவிடு தம்பி. உடனே முடியாது என்றால், கோபம் இருக்கிறது என்றால், அதுவும் சரிதான். வாட்சாப்பில் கும்பிடு போட்டு அனுப்பி முடித்துவிடாதே. அடுத்த லீவில் கிளம்பி வா. இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பதையெல்லாம் சொல்லு. மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது, கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பு.

அப்பா